மருதேவிக்காக ஒரு மசோதா

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்துகொண்டு எதையும் எழுதக் கூடாது. அந்த விதி தெரியாமல் நான் குறிப்பேட்டைத் திறந்து மணியைக் குறித்தேன். காவலர் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, பென்சிலைப் பையில் வைக்கச் சொன்னார். ஆகவே இங்கே வரும் இரண்டு செவ்வாய்க்கிழமைகளின் விவரங்கள் வெளியே வந்து பேருந்தில் ஏறிய பிறகு நினைவிலிருந்து எழுதியவை. நேரத்தில் ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம். மற்றவை சரி.

எழுபதாம் ஆண்டு நவம்பர் கடைசி வாரத்தில் காஞ்சிபுரத்தை விட்டுப் புறப்பட்டேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். இரண்டரை மாத விடுப்பு கிடைத்தது. என் தங்கை மருதேவி என்னைவிடப் பதினேழு வயது இளையவள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது நான்தான். மாப்பிள்ளை ரசாயன ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போனார். அவளும் இரண்டு வயதுக் குழந்தை சுநந்தாவும் கூடப் போனார்கள். நான்காம் வருடக் குளிர்காலத்தில், ஆய்வுக்கூடத்தின் படிக்கட்டில், மாரடைப்பில் அவர் இறந்தார்.

அந்த நாட்டில் தங்கும் அனுமதி அவருடைய வேலைக்காகக் கொடுத்தது. அவர் போனதும் மனைவிக்கும் குழந்தைக்கும் அது இல்லை. ஊருக்குத் திரும்பியிருப்பாள். ஆனால் சுநந்தா இதயக் கோளாறோடு பிறந்தவள். உதடும் நகமும் நாவற்பழ நிறத்தில் இருக்கும். நான்கு வயதில் அங்கே ஒரு அறுவை நடந்தது. இரண்டாவதுதான் உண்மையான அறுவை. அதற்கு உடம்பு இன்னும் தேற வேண்டும், ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். அதுவரை நீண்ட விமானப் பயணத்தை இந்த இதயம் தாங்காது என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். தங்குவதற்கான விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின. மிஞ்சியது ஒரு வழி. அவள் தொகுதியின் பிரதிநிதி அவளுக்காகவே ஒரு மசோதா கொண்டுவந்தார்.

இதை நான் ஊரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஒரு நாட்டின் சட்டசபை, ஒரே ஒரு பெண்பிள்ளைக்காகச் சட்டம் போடுமா? அடுத்த வீட்டு நெசவாளர் ஏகாம்பரம் மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்டின்னா அந்த எம்.பி. சம்சாரத்துக்கு ஒரு பொடவ எட்த்துக்கினு போப்பா. முந்தியில நல்லா ஜரிகை போட்டுத் தரேன். சட்டம் தானா வரும்.” நாங்கள் சமணர்கள், பட்டு நெய்கிற ஊரில் இருந்தும் பட்டு உடுத்தாத வீடு. புழுவைக் கொன்று எடுத்ததை நன்றிக்கடனாகக் கொடுக்க மாட்டேன் என்றேன். “நீ வேற, அந்தம்மா புழுவையா பாக்கப் போகுது” என்றார்.

பயணச் சீட்டு எடுத்து அனுப்பியவர்கள் மாப்பிள்ளையோடு வேலை பார்த்தவர்கள். தங்கை தனியாக இருக்கிறாள், மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் போய்ச் சேர்ந்தேன். வாஷிங்டனிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் சின்ன ஊர். இரண்டு அறை வீடு. சுநந்தா கதவைத் திறந்து, என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வானத்தைப் பார்த்தாள். “மாமா, சன் போயிட்சு. இனிமே உனக்கு சாப்பாடு கிடையாது” என்றாள். மணி ஐந்து. சூரியன் மறைந்தபின் நாங்கள் உண்பதில்லை. காஞ்சிபுரத்தில் அது ஒரு சிரமமே இல்லை. டிசம்பர் வாஷிங்டனில் நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆறு வாரத்துக்கு மேல் அந்தப் பெண் ஜன்னலில் நின்று எனக்குச் சூரியனைக் காவல் காத்தாள். “ஃபைவ் மினிட்ஸ் இருக்குது மாமா, வேகமா சாப்டு.” பேசிக்கொண்டே இருப்பவள் திடீரென்று குத்துக்காலிட்டு உட்காருவாள். மூச்சு வாங்கும்போது அப்படி உட்கார்ந்தால் அவளுக்குச் சுகம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம், தானாகக் கண்டுபிடித்தாளாம்.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் எதைக் கேட்டாலும் பக்கத்தில் உருளைக்கிழங்கு வந்துவிடுகிறது. நாங்கள் கிழங்கு தொடுவதில்லை. மருதேவி எனக்கு அரிசியும் பச்சைப் பட்டாணியும் முட்டைக்கோசும் சமைத்தாள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினாள். “இங்க தண்ணி சுத்தம்ணா. வடிகட்ட இன்னா இருக்குது? ஆனா நீ கேப்பே” என்றாள்.

திங்கட்கிழமை பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போனோம். நீண்ட தாழ்வாரம், இரு பக்கமும் கனத்த கதவுகள். ஒவ்வொரு கதவின் அருகிலும் ஒரு மாநிலத்தின் பெயர். எங்கள் கதவுக்குள் நுழைந்தால் எங்கும் அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்களில் வெளிறிய சதுரங்கள். நவம்பர் தேர்தலில் அவர் தோற்றுவிட்டார்.

தோற்றவர் எப்படிச் சட்டம் கொண்டுவருவார் என்று கேட்டேன். காரியதரிசி ஹெலன் அம்மையார், அறுபது வயதிருக்கும், பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து விளக்கினார். இங்கே தேர்தல் நவம்பரில். புதியவர் பதவியேற்பது ஜனவரியில். இடையில் பழையவரே உறுப்பினர். வாக்கும் உண்டு, சம்பளமும் உண்டு. ஊரில் மட்டும் மதிப்பு இல்லை. இப்படிப்பட்டவரை நொண்டி வாத்து என்பார்களாம். நம் ஊரில் தோற்றவர் மறுநாள் பேருந்து நிலையம் பக்கம்கூட வரமாட்டார். ஆனால் இந்த இடைக்காலத்துக்கு ஒரு முடிவுக்கோடு இருக்கிறது. ஒவ்வொரு நாடாளுமன்றத்துக்கும் இரண்டு வருடம் ஆயுள். அது முடிகிற நாளில், நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் அதோடு சாகும். அடுத்த மன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குவதற்கு ஓர் உறுப்பினர் வேண்டும். எங்களுக்கு இருந்தவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

மசோதா உயிரோடு இருக்கும்வரை தங்கையை யாரும் நாட்டைவிட்டு அனுப்ப மாட்டார்கள். செத்தால் முப்பது நாள்.

பிரதிநிதி உள்ளறையிலிருந்து வந்தார். நல்ல உயரம், ஜலதோஷம் பிடித்த மூக்கு. சுநந்தாவிடம் கைகுலுக்கினார். “என்னைத் தோற்கடித்தது என் ஊர்க்காரர்கள். அதற்கு இந்தப் பெண் என்ன செய்வாள்?” என்று சொல்லிவிட்டு இன்னொரு படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்.

செவ்வாய்க்கிழமை, டிசம்பரின் முதல் நாள். தனி மனிதர்களுக்கான மசோதாக்களை மாதத்தின் முதல் செவ்வாயும் மூன்றாம் செவ்வாயும்தான் எடுப்பார்கள். மாடத்தில் மூவரும் முன் வரிசையில் உட்கார்ந்தோம். கீழே பெரும்பாலான நாற்காலிகள் காலி. பிரதமர் உட்காரும் இடம் எது என்று நான் தேடினேன். அப்படி ஒன்று அங்கே இல்லை. குடியரசுத் தலைவரும் அமைச்சர்களும் இந்தச் சபையில் உறுப்பினர்கள் அல்லர். அவர் இந்தத் தெருவின் மறுகோடியில் வெள்ளை மாளிகையில் இருக்கிறார், அழைத்தால் வந்து பேசிவிட்டுப் போவார். இதைக் காஞ்சி நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன்தான் நான். படித்தது ஒன்று, எழுந்து பதில் சொல்ல ஒரு அமைச்சர்கூட இல்லாத சபையைக் கண்ணால் பார்ப்பது வேறு. இங்கே நம் காரியத்துக்கு யாரிடம் கோபித்துக்கொள்வது என்றே தெரியாது.

எழுத்தர் ஒவ்வொரு மசோதாவின் எண்ணையும் பெயரையும் படித்தார். இன்னாருடைய துயர் நீக்க ஒரு மசோதா. இன்னாருடைய துயர் நீக்க ஒரு மசோதா. யாரும் மறுக்காவிட்டால் அடுத்த மூச்சில் நிறைவேறிவிடும். கிரேக்கப் பெயர், இத்தாலியப் பெயர், சீனப் பெயர். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் வாசிப்பதுபோல் இருந்தது. பிறகு “மருதேவி” என்று, மூன்று இடத்தில் திணறி, படித்தார். சுநந்தா எழுந்து நின்றாள். கீழே நரைத்த தலை ஒன்று எழுந்து, அமைதியான குரலில் ஒரு வாக்கியம் சொன்னது. எழுத்தர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

“முடிஞ்சிட்சாம்மா?” என்றாள் சுநந்தா.

முடியவில்லை. பாதகமில்லாமல் தாண்டிச் செல்க என்பதுதான் அந்த வாக்கியம். அன்றைக்கு எடுக்க வேண்டாம், அவ்வளவே.

காரணத்தை ஹெலன் அம்மையார் கட்டடத்தின் சிற்றுண்டிச்சாலையில் சொன்னார். முதலில் எனக்கு ஒரு கிண்ணம் அவரைக்கொட்டை சூப் வாங்கி வைத்தார். செனட்காரர்கள் தினமும் குடிக்கிற சூப், இதைக் குடிக்காமல் யாரும் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்றார். என்னென்ன போடுவார்கள் என்று கேட்டேன். பட்டியலில் கடைசியாகப் பன்றி எலும்பு வந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் வெட்கப்பட்டு, இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்தார். பழத்தை உரிக்கும்போதுதான் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அது என் கையெழுத்து.

கோடையில் என்னிடம் மருதேவியின் பிறப்புக்குச் சான்று கேட்டிருந்தார்கள். மாகறல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பிறப்புப் பதிவு இல்லை. பள்ளிச் சான்றிதழின் நகலை அனுப்பினால் போதும். நான் அதோடு நிற்கவில்லை. பள்ளித் தேதி சரியல்ல, சரியான தேதி இது என்று ஆவணி மாதத் தேதியையும் நட்சத்திரத்தையும் நாழிகையையும் ஜாதகத்திலிருந்து எடுத்தெழுதி, உறுதிமொழியாகக் கையெழுத்திட்டு அனுப்பினேன். கடல் கடந்து போகிற ஓர் ஆவணத்தில் பிழையான தேதி இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பிழையும் நான் செய்ததுதான். ஜூனில் பள்ளி திறக்கும். ஆவணியில் பிறந்த பிள்ளைக்கு ஐந்து வயது நிறைய இரண்டு மூன்று மாதம் குறையும். கூட்டிப்போகிறவர் வாயால் மே மாதத்தில் ஒரு தேதி சொல்வார், தலைமையாசிரியர் எழுதிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். பாஸ்போர்ட்டிலும் அதே மே. அதனால் மருதேவியின் கோப்பில் ஒருத்திக்கு இரண்டு பிறந்த நாள். ஒரே பெண்தானா, இருவரா என்று சந்தேகம் வந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

ஹெலன் அம்மையார் என்னைக் குறை சொல்லவில்லை. மருதேவியும் சொல்லவில்லை. இரண்டாவது வாழைப்பழத்தைச் சுநந்தாவிடம் கொடுத்துவிட்டேன்.

திரும்பும்போது தப்பான பேருந்தில் ஏறிவிட்டேன். அந்த நாட்டில் வண்டி சாலையின் வலப்பக்கம் போகும். நான் பழக்கத்தில் இடப்பக்கம் நின்று கை காட்டினேன். அரை மணி நேரம் ஊருக்கு எதிர்த்திசையில் போனோம். முன் இருக்கையில் இரண்டு கிழவர்கள் தேர்தலைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த நாடாளுமன்றத்தில் இருக்கிறவன் ஒருத்தனும் உருப்படி இல்லை, எல்லாரையும் துரத்த வேண்டும் என்றார் ஒருவர். “உங்கள் ஆளையுமா?” என்று மற்றவர் கேட்டார். “என் ஆள் நல்லவன். உங்கள் ஆட்களைத்தான் சொல்கிறேன்.” மருதேவி அதை எனக்குச் சொல்லி, அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

மறுப்புச் சொன்னவர் தன் மாநிலத்துக்குப் போயிருந்தார். பதினான்காம் தேதி திங்கட்கிழமைதான் பார்க்க நேரம் கிடைத்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. ஹெலன் அம்மையார் எங்களைச் செனட் பக்கம் அழைத்துப்போனார். நிலத்தடியில் உறுப்பினர்களுக்கென்று சின்ன ரயில் ஓடுகிறது. திறந்த பெட்டி, கட்டணமில்லை. சுநந்தா மூன்று முறை போய் வந்தாள். மேலே மாடத்தில் உட்கார்ந்தபோது, பிரதிநிதிகள் சபையிலிருந்து வந்த தனி மனிதர் மசோதாக்களை ஒரே கட்டாக எடுத்து, பத்து நிமிடத்துக்குள் நிறைவேற்றினார்கள். முதல் செவ்வாயில் கேட்ட கிரேக்கப் பெயர், இத்தாலியப் பெயர், சீனப் பெயர், வரிசை மாறாமல் வந்தன. சீனப் பெயருக்கு அடுத்தது எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு சட்டம் என்றால் இரண்டு சபையும் ஒப்ப வேண்டும், பிறகு குடியரசுத் தலைவர் கையெழுத்திட வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. ஒரு வாசலில் தங்கியவர்களுக்காக அடுத்த வாசல் காத்திருப்பதில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய அறை. உழவர் மாநிலத்துக்காரர். மேசையில் காய்ந்த சோளக்கதிர் ஒன்று காகிதத்துக்குக் கனமாக இருந்தது. எங்களை உட்காரவைத்து, தன் வேலையைத் தானே விளக்கினார். “இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. இந்தச் சிறு மசோதாக்களைச் சபை முழுவதும் உட்கார்ந்து படிக்க முடியாது. படிக்காமல் ஒப்புக்கொள்ள மற்றவர்களுக்குத் தைரியம் வர வேண்டுமானால், படிக்கிறவர்கள் சிலர் வேண்டும். கட்சிக்குச் சிலரை நியமிக்கிறார்கள். நான் ஒருவன்.” பிறகு என் உறுதிமொழியையும் பள்ளிச் சான்றிதழின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “நீங்கள் வந்தது நல்லதாயிற்று. இரண்டில் எது உண்மை?”

மருதேவி தலை நிமிராமல் தமிழில் சொன்னாள்: “ஸ்கூல் தேதின்னு சொல்லுண்ணா.”

“அது நான் வாயால சொன்ன தேதிம்மா.”

“இப்பவும் வாயாலதானே சொல்லப் போற.”

எங்கள் வீடுகளில் குழந்தைக்கு முதலில் சொல்லித்தருகிற விரதம் ஐந்து. கொல்லாமைக்கு அடுத்தது பொய்யாமை. உண்மையைச் சொன்னால், பாஸ்போர்ட்டில் இருப்பது பொய்த் தேதி என்று ஓர் அரசாங்கத்தின் முன்னால் நானே ஒப்புக்கொண்டதாகும். அதன் பிறகு அவள் கையில் இருக்கும் எந்தத் தாள் நிற்கும்? வெளியே தாழ்வாரத்தில் சுநந்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது கதவின் கண்ணாடியில் தெரிந்தது.

பள்ளித் தேதிதான் உண்மை என்றேன். ஜாதகம் வேறொரு குழந்தையுடையது, இறந்துபோன ஒரு தங்கையுடையது, தவறாக எடுத்தெழுதிவிட்டேன் என்றேன். அப்படி ஒரு தங்கை எங்களுக்கு இருந்ததில்லை. இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக வந்தது. பக்கத்து அறையில் வலது கையை உயர்த்தச் சொல்லி, புதிய உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள்.

தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு அவர் எங்களோடு கதவுவரை வந்தார். “என் தகப்பனாருக்கும் இரண்டு பிறந்த நாள் உண்டு. வீட்டுப் பிரார்த்தனைப் புத்தகத்தில் ஒன்று, ஊர்ப் பதிவேட்டில் ஒன்று. பதிவேட்டுக்காரர் வீட்டுக்கு வண்டி கட்டிப் போக ஒரு மாதமாகும். பனி உருகட்டும் என்று இருந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். உங்களுடையதும் அந்த மாதிரியாக இருந்திருந்தால் ஒரு வரி எழுதி அப்படியே விட்டிருப்பேன். சரி, இப்போது இன்னும் சுலபமாயிற்று.”

நான் நின்றுவிட்டேன். மருதேவி என் முழங்கையைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் மூன்றாம் செவ்வாய். ஊரில் கார்த்திகையின் கடைசி நாள். இந்த முறை பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டேன். எழுத்தர் பெயரைப் படித்தார். நரைத்த தலை உட்கார்ந்தபடியே இருந்தது. இரண்டு மூச்சு நேரம். நிறைவேறிற்று. எங்கள் பிரதிநிதி மேலே பார்த்துக் கையசைத்தார். சுநந்தாவும் அசைத்தாள்.

மிஞ்சியது செனட். அங்கே ஒருவர் பேச எழுந்தால் அவரை நிறுத்துவது லேசல்ல. பெரிய மசோதாக்கள் சிலவற்றை எதிர்த்து உறுப்பினர்கள் முறைவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலையில் தொடங்கி, தண்ணீர் குடித்து, தாள் புரட்டி, பொழுது சாயும்வரை நின்றார். பேச்சைக் கேட்கக்கூட அங்கே ஆளில்லை. நேரத்தைக் கொல்வதுதான் நோக்கம் என்றார் ஹெலன் அம்மையார். அது அவர்கள் உரிமையாம், சிறுபான்மையின் கடைசி ஆயுதமாம். நியாயம்தான். ஊரில் படித்தபோது எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சின்ன மசோதாக்களின் கட்டு மேசையின் ஓரத்தில் இருந்ததை மாடத்திலிருந்து பார்க்க முடிந்தது. அல்லது அதுதான் அந்தக் கட்டு என்று நானாக நினைத்துக்கொண்டேனோ, தெரியாது.

கிறிஸ்துமஸ் வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விளக்கு. பனி பெய்த அன்று சுநந்தா ஒரு கிண்ணத்தில் அதை அள்ளிவந்து, இதில் உயிர் இருக்கிறதா, சாப்பிடலாமா என்று என்னைக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் கரைந்துவிட்டது.

புத்தாண்டுக்கு மறுநாள் இரண்டு சபையும் மீண்டும் கூடும் நாள் குறிக்காமல் கலைந்தன. ஹெலன் அம்மையார் மாலையில் தொலைபேசியில் பேசினார். மருதேவி ‘யெஸ்’, ‘யெஸ்’ என்று நாலைந்து முறை சொல்லி, நன்றி சொல்லி, கருவியை வைத்தாள். பிறகு சாதம் குழைந்துவிடும் என்று அடுப்பை அணைத்தாள். “எட்க்கலியாம்ணா” என்றாள்.

முப்பது நாள் நோட்டீஸ் வந்தது. மருத்துவரின் கடிதத்துக்காக ஒரு நாள்கூட அதிகம் கிடைக்கவில்லை. அவர் கொடுத்த கடிதமெல்லாம் முன்பே கணக்கில் எடுத்தாயிற்றாம். மருதேவி மருத்துவரிடம் போனாள். விமானத்திலா, அறுவை மேசையிலா என்று அவர் ஒரு பகல் முழுவதும் யோசித்தார். காத்திருந்தால் நல்ல வாய்ப்பு இருந்தது, இப்போது குறைவு. ஆனால் விமானத்தில் அதுவும் இல்லை என்றார். ஜனவரி நடுவில் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே அழைத்துப்போனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி சுநந்தா என்னிடம், இன்றைக்குத் தன்னால் ஜன்னலைப் பார்க்க முடியாது, கடிகாரத்தை வைத்துச் சாப்பிட்டுக்கொள் என்றாள். மூன்று மணி சுமாருக்கு மருத்துவர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றாமல் எங்கள் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்ததைக் கண்டபோதே தெரிந்துவிட்டது.

சிறு பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். மண் உறைந்து கிடந்தது. இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்தார்கள். ஹெலன் அம்மையார் வந்தார். தோற்ற பிரதிநிதியும் வந்து ஓரமாக நின்றார். அப்போது அவர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து ஹெலன் அம்மையார் ஒரு செய்தி கொண்டுவந்தார். டிசம்பர் கடைசியிலேயே அவர் எங்கள் கோப்பைப் புதிய பிரதிநிதியிடம், தன் முதலாளியைத் தோற்கடித்தவரிடம், கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர். இருந்தும் அவர் வாங்கிக்கொண்டார். புதிய நாடாளுமன்றம் அந்த வருடம் ஜனவரி இருபத்தொன்றில்தான் கூடியது. அந்த முதல் நாளே, பழைய வாசகத்தை மாற்றாமல், தாயும் மகளும் என்று இரண்டு பெயரோடு, மசோதாவைக் கொடுத்துவிட்டார். குழந்தை போனது அவருக்குத் தெரியாது. இப்போது திரும்ப வாங்கிவிடலாமா என்று கேட்கத்தான் அம்மையார் வந்தார்.

“வேணாம், இருக்கட்டும்” என்றாள் மருதேவி.

அன்றைக்கு எங்களுக்குள் வந்த பேச்சை ஏறத்தாழ அப்படியே எழுதுகிறேன். ஊருக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அவள் அசையவில்லை. “உயிரு அடுத்த பிறவிக்குப் போயிட்சும்மா. மண்ணுல இன்னா இருக்குது?” என்றேன்.

“உனக்கு உயிர் கணக்கு. நான் பெத்தது உடம்புதான்.”

“ஒண்டியா இங்க இன்னா செய்வே?”

“ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போவேன். பனி வுழுந்தா தள்ளிட்டு வருவேன்.” கொஞ்சம் கழித்து, “அந்த முதல் செவ்வாக்கிழமைய நீ மனசுல வச்சுக்கினு போவாதண்ணா” என்றாள். அதுவரை நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை.

ஜனவரி கடைசியில் நான் தனியாகத் திரும்பினேன். வழி நெடுகச் சாப்பாட்டைப் பற்றியோ பயணிகளைப் பற்றியோ என் குறிப்பேட்டில் ஒன்றும் இல்லை. ஊரில் ஏகாம்பரம் வாசலுக்கு வந்து, என் பையை வாங்கிக்கொண்டு, கூடவே நடந்தார்.

மருதேவி அந்த ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை தேடிக்கொண்டாள். மசோதா உயிரோடு இருந்ததால் அவளை அனுப்பவில்லை. அடுத்த வருடம் அது இரண்டு சபையையும் தாண்டி, குடியரசுத் தலைவர் கையெழுத்தாகி, சட்டமாயிற்று. கல்லறைக்குப் பக்கத்தில் இருக்க ஒரு தாய்க்கு அந்தத் தேசம் உரிமை கொடுத்தது. அதற்காகத்தான் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

மசோதா சபையின் ஆய்வுக் குழுவில் இருந்து வெளிவந்தபோது அச்சான பிரதி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். இரண்டே பக்கம். வரிகளுக்கு எண் போட்டிருந்தது. அந்த நாட்டில் குழு ஏதாவது ஒரு சொல்லை நீக்கினால், நீக்கிவிட்டுப் புதிதாக அச்சடிப்பதில்லை. எதை எடுத்தார்கள் என்று எல்லா உறுப்பினரும் அறியும்படி, பழைய சொல்லை அப்படியே விட்டு, நடுவில் ஒரு கோடு ஓட்டி அச்சிடுகிறார்கள். ஐந்தாம் வரியில் ‘அவளுடைய மகள் சுநந்தா’ என்பதன் மேல் அந்தக் கோடு ஓடியது. எங்கள் அலுவலகத்தில் பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால் ஓரத்தில் அடித்தவர் கையொப்பம் வேண்டும். ஓரத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

கூட ஒரு சின்னத் தாள் இருந்தது. அவள் எழுத்து. “பேர அடிச்சிட்டாங்கண்ணா. ஆனா படிக்க முடியுது.”